இன்ஜின் இல்லாத ஹெரால்டு

தூத்துக்குடியில், கடலுக்கு இரண்டு தெரு தள்ளி இருக்கும் கப்பல்காரத் தெருவில், ஒரு சனிக்கிழமை காலை பதினொரு மணிக்கு, இன்ஜின் இல்லாத கார் ஒன்று தன் கொட்டகையை விட்டு மெல்ல நகர்ந்து வெளியே வந்து எதிர்வீட்டு வாசலுக்குக் குறுக்கே நின்றபோது, அந்த வீட்டுக்காரரும் மக்ரூன் கடை முதலாளியுமான தவமணி அண்ணாச்சி, முட்டை நுரை காயாத கையோடு வெளியே வந்து, காரின் முன்பக்கம் வெறுங்கூடாகக் கிடப்பதைக் குனிந்து பார்த்துவிட்டு, "கொஞ்சம் தள்ளி விட்டுக்கிடுங்க கஸ்பார் அண்ணன், முட்டை வண்டி வார நேரம்" என்றார்.

"தள்ளுறதுக்கு இன்ஜின் வேணும்லா அண்ணாச்சி" என்றார் கஸ்பார் மச்சாது.

"வரும்போது எப்படி வந்துதோ அப்படியே தள்ளுங்க."

அது நியாயமாகப் பட்டதால் கஸ்பார் கொட்டகைப் பக்கம் திரும்பினார். அங்கே அவர் மனைவி சலேத்து, கழுத்தில் சிவப்பு எலெக்ட்ரிக் கிட்டார் தொங்க, சற்று முன்பு அடித்த அதே கார்டை, மூன்று சுரம் சேர்ந்த அந்த ஒலியை, விரல்களை ஒவ்வொன்றாகத் தந்தியில் வைத்துச் சரிபார்த்துக்கொண்டு, மறுபடி ஒருமுறை அடித்தாள். கார் நாலடி முன்னால் போய் நின்றது. முட்டை வண்டி உள்ளே போனது.

சலேத்துக்கு அப்போது வயது அறுபத்து மூன்று. துறைமுகத்து டெலிபோன் எக்சேஞ்சில் முப்பத்து நாலு வருஷம் காதில் கருவியை மாட்டிக்கொண்டு உட்கார்ந்து, கப்பல் வந்ததையும் கப்பல் போனதையும், பிள்ளை பிறந்ததையும் ஆள் செத்ததையும், யார் யாருக்கோ சொல்லவேண்டிய செய்திகளுக்கெல்லாம் வழி திறந்துவிட்டு, தன் பங்குக்கு "லைனில் இருங்கள்" என்பதற்கு மேல் ஒரு வார்த்தை பேசாமல் ஓய்வு பெற்றவள். ஒருவர் "ஹலோ" என்று சொல்லும் தினுசிலேயே அவர் வீட்டில் என்ன நடக்கிறது என்று அவளுக்குத் தெரிந்துவிடும். ஆனால் அவள் குரல் உரத்து யாரும் கேட்டதில்லை. கோயில் பாடற்குழுவில்கூட அவள் கடைசி வரிசைதான்.

கஸ்பார் அதே துறைமுகத்தின் பட்டறையில் இழுவைப் படகு இன்ஜின்களைப் பிரித்துப் பூட்டியவர். ஓய்வு பெற்ற மறுவாரமே, ஒரு பழைய பங்களாவின் புறக்கடையில் கோழி அடைந்து கிடந்த அறுபத்தெட்டாம் வருஷத்து ஹெரால்டு காரை மாட்டுவண்டியில் ஏற்றி வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார். உப்புக்காற்று அதன் கதவுகளை வடிகட்டிபோல ஓட்டை போட்டிருந்தது. அவர் தகடு வெட்டிப் பற்றவைத்தார், தேய்த்தார், வானத்து நீலத்தில் பெயின்ட் அடித்தார், மழைக்காலத்தில் மறுபடி துரு பூத்தால் மறுபடி தேய்த்தார். இன்ஜினை இறக்கிப் பிரித்துக் கோணிமேல் பரப்பி, ஒவ்வொரு உறுப்பையும் மண்ணெண்ணெயில் கழுவித் துடைத்து வைத்தார். இப்படி நாலு வருஷம்.

அந்த வருஷங்களில் ஒருநாள் கார்புரேட்டர் தேடி இருவரும் மதுரைக்குப் போனார்கள். பழைய உதிரிபாகக் கடையில் கஸ்பார் பேரம் பேசிக்கொண்டிருந்தபோது, பக்கத்துக் கடைக் கண்ணாடிக்குப் பின்னால் ஓர் இளைஞன் சிவப்புக் கிட்டார் ஒன்றின் தந்தியைச் சும்மா சுண்டிப் பார்த்தான். ஒரே ஒரு சுண்டல்தான். அது அங்கே நின்றவர்களின் பல்லுக்குள் இறங்கியது. சலேத்து கடைக்குள் போனாள். திரும்பும் பஸ்ஸில் கஸ்பாரின் மடியில் கார்புரேட்டர் இருந்தது, அவள் மடியில் கிட்டார் இருந்தது. இருவரும் கோவில்பட்டி தாண்டும்வரை ஒருவரையொருவர் பார்த்துப் பார்த்துச் சிரித்துக்கொண்டு வந்தார்கள்.

பிறகு தினமும் காலையில், அவர் ஒரு மூலையிலும் அவள் ஒரு மூலையிலுமாக, கொட்டகையில் தங்கள் தங்கள் வேலையைப் பார்த்தார்கள். அவளுக்கு நாலு கார்டும் இரண்டு பாட்டும் வந்தன. இடதுகை விரல் நுனிகள் முதலில் புண்ணாகி, பிறகு காய்த்துப் போயின. கார் நகர்ந்த சனிக்கிழமையன்று அவள் வேறு எதுவும் புதிதாகச் செய்யவில்லை. ஒலிபெருக்கிப் பெட்டியை வழக்கத்தைவிடக் கொஞ்சம் கூட்டி வைத்தாள், அவ்வளவுதான்.

அந்த வாரத்துக்குள் தெரு காரின் போக்கைப் பிடித்துக்கொண்டது. மெதுவாக வாசித்தால் கார் மெதுவாகப் போகும், வேகமாக வாசித்தால் வேகமாகப் போகும், உள்ளங்கையால் தந்தியை அமுக்கினால் நிற்கும், தப்பாக வாசித்தால் தும்மும். வேறு யார் வாசித்தாலும் அசையாது. பாடற்குழுவில் கிட்டார் வாசிக்கிற டெரன்ஸ், அவளைவிடப் பத்து மடங்கு நன்றாக வாசிப்பவன், வேர்த்து விறுவிறுக்க ஒரு மணிநேரம் வாசித்தும் கதவு கண்ணாடிகூட ஆடவில்லை. அவன் கிட்டாரை அவளிடம் பணிவாகத் திருப்பிக் கொடுத்துவிட்டு, "உங்க ஸ்பீக்கர் பெட்டிக்கு பேட்டரி மாட்டி வண்டிக்குள்ளேயே உக்காந்து வாசிங்க ஆன்ட்டி, தெருவுல நின்னு வாசிச்சா எவ்வளவு தூரம் நடப்பிய?" என்றான். அப்படியே சலேத்து பின் சீட்டுக்கு வந்தாள், கஸ்பார் ஸ்டியரிங்குக்கு வந்தார்.

ஏன் நகர்கிறது என்று யாரும் கேட்கவில்லை. எங்கே போகும், எத்தனை பேர் ஏறலாம் என்றுதான் கேட்டார்கள். வண்டிப் பதிவைப் புதுப்பிக்கப் போன இடத்தில் குமாஸ்தா படிவத்தை வைத்துக்கொண்டு எரிபொருள் என்ன என்று கேட்க, கஸ்பார் "என் வீட்டுக்காரி" என்று சொல்ல, குமாஸ்தா கொஞ்ச நேரம் பேனாவைக் கடித்துவிட்டு 'இதர' என்று எழுதினார். புகை பரிசோதிக்கிறவர் குழாயைப் பின்னால் செருகி, முள் அசையாததைப் பார்த்து, சுழியத்துக்கு மெஷின் சீட்டு அடிக்காது என்று சொல்லி, ஒரு வெள்ளைத் தாளில் 'புகை இல்லை' என்று தன் கையால் எழுதிக் கொடுத்தார். பீச் ரோட்டுப் போக்குவரத்துக் காவலருக்கு முதல் பாட்டு பிடிக்கும். அது கேட்டால் மற்ற வண்டிகளை நிறுத்திவிட்டு ஹெரால்டுக்கு வழி விடுவார். கண் ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டிய கிழவர்களும், ஞானஸ்நானத்துக்குப் போகும் பச்சைக் குழந்தைகளும், ஆட்டோவின் குலுக்கல் ஆகாத மாசமான பெண்களும் சனி, ஞாயிறுகளில் கொட்டகை வாசலில் காத்திருந்தார்கள். முதல் பாட்டின் பாதியில் ரயில்வே கேட் வரும், முக்காலில் மீன் மார்க்கெட் வரும் என்று தெருவுக்கு மனப்பாடமாகிவிட்டது. "ஆஸ்பத்திரி முக்காப் பாட்டு தூரம்" என்று பேசத் தொடங்கினார்கள். தவமணி அண்ணாச்சி தன் மகள் கல்யாணத்துக்கு மாப்பிள்ளையும் பெண்ணும் அந்தக் காரில்தான் ஊர்வலம் வரவேண்டும் என்று ஐந்து மாதம் முன்னாலேயே சொல்லி வைத்தார். சலேத்தும் சரி என்றாள்.

அவளுக்கு அது பிடித்திருந்தது. முப்பத்து நாலு வருஷம் யார் யாருடைய சொல்லையோ கடத்திவிட்ட கை, இப்போது ஒரு முழு இரும்பு வண்டியை, ஆட்களோடு, மூட்டைகளோடு, ரோட்டில் நடத்திக்கொண்டு போகிறது என்று நினைத்து, காய்த்த விரல் நுனிகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொள்வாள். ஒன்றே ஒன்றுதான் குறை. போகிற இடம் வந்ததும் கையால் தந்தியை அமுக்க வேண்டியிருந்ததால், எந்தப் பாட்டையும் அவளால் முடிக்க முடிந்ததில்லை. எல்லாப் பாட்டும் யாரோ ஒருவர் வீட்டு வாசலோடு நின்றது. இறங்குகிறவர்கள் "சுகமா வந்து சேந்தோம்" என்றார்கள். பாட்டு எப்படி என்று யாரும் சொன்னதில்லை.

கஸ்பார் தினமும் காலையில் இன்ஜினைத் துடைத்துக்கொண்டுதான் இருந்தார். அது எப்போதோ பூட்டி முடிந்து மேஜைமேல் தயாராக இருந்தது. வால்வுகளின் இடைவெளியைச் சரிசெய்வது ஒன்றுதான் பாக்கி என்று இரண்டு மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். ஒருநாள் கல்யாண விஷயம் பேச வந்த தவமணி அண்ணாச்சி, மேஜையைக் காட்டி, "இனி இது எதுக்கு அண்ணன், இடத்தை அடைச்சிக்கிட்டு? பழைய இரும்புக்குப் போட்டுருங்க" என்றார். நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். மறுநாள் சலேத்து கொட்டகைக்குப் போனபோது இன்ஜின்மேல் அவளுடைய பழைய பருத்திச் சேலை ஒன்று, தலைமுதல் கால்வரை இழுத்துப் போர்த்தியிருந்தது.

அவள் அதை எடுக்கவும் இல்லை, கேட்கவும் இல்லை. அதற்கடுத்த வாரம், சேலை விலக்கிக் கிடந்த ஒரு காலைவேளையில், கஸ்பார் மேஜைமேல் குனிந்திருக்க, அவள் மேஜைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து தந்தி மாற்றிக்கொண்டிருந்தபோது, அந்தச் சத்தத்தைக் கேட்டாள். மெல்லிய எஃகுத் தகடு ஒன்று இரும்பில் படும் சத்தம். டிக், டிக், டிக், டிக். நிற்காமல், ஒரே அளவில். வேலை செய்கிற கையின் சத்தம் அப்படி இருக்காது. பிறகு ஒரு நட்டு தரையில் விழுந்து உருண்டது.

"எண்ணெய் வழுக்குது" என்றார் கஸ்பார்.

சலேத்து திரும்பவில்லை. "எத்தனை நாளா?" என்றாள்.

"என்ன எத்தனை நாளா?"

"கை."

அவர் நட்டைத் தேடுகிறவர்போலக் குனிந்தார். குனிந்தபடியே, "ஈஸ்டருக்கு முந்தியே" என்றார்.

"டாக்டர்ட்ட காட்டுனியளா?"

"காட்டுனா என்ன சொல்லுவாவன்னு எனக்குத் தெரியாதாக்கும்? எங்க அப்பாவுக்கும் இந்தக் கைதான்."

அவள் எழுந்து போய் நட்டை எடுத்து மேஜைமேல் வைத்தாள். அவர் வலதுகை வயிற்றோடு ஒட்டி நடுங்கிக்கொண்டிருந்தது. சிறு குருவியைப் பிடித்து வைத்திருப்பவர்போல இடதுகையால் அதைப் பொத்திக்கொண்டிருந்தார்.

"அப்ப அது ஓடுறது நல்லதுதானே" என்றாள் சலேத்து. "இன்ஜின் இல்லாமலே ஓடுது. நீங்க ஏன் கஷ்டப்படணும்?"

"நல்லதுதான். நான் இல்லேங்கல. ஊரே சந்தோசமா ஏறிப் போவுது." அவர் நிமிர்ந்து காரைப் பார்த்தார். "ஆனா நான் அதை ஓட்டலியே சலேத்து. வளையத்தைப் பிடிச்சிக்கிட்டு உக்காந்திருக்கேன். நாலு வருசம் ஒவ்வொண்ணா பூட்டினேன். இந்தக் கை சும்மா போறதுக்கு முன்னால அந்த இன்ஜின் ஒரு மட்டம் கத்துறதைக் கேக்கணும். அவ்வளவுதான் ஆசை. அதுவும் இப்ப எதுக்குன்னு ஆயிட்டு."

இன்ஜின் உள்ளே போனால் இந்த ஓட்டம் நின்றுபோகலாம் என்று இருவருக்குமே தோன்றியது. அது ஏன் வந்தது என்று தெரியாதபோது எதனால் போகும் என்று மட்டும் எப்படிச் சொல்வது? ஆனாலும் தோன்றியது. அவள் தன் கையைப் பார்த்தாள். அது நகர்த்தியது. அது நகர்த்தும்போது அவளுக்கு இருந்த நிமிர்வு வேறு எதிலும் இருந்ததில்லை. அதை விட்டுவிட வேண்டுமென்று அவளுக்குத் துளியும் விருப்பமில்லை. அந்தப் பின் சீட்டில் உட்கார்ந்து அன்று மத்தியானம்வரை அழுதாள். கஸ்பார் பக்கத்தில் வரவில்லை. வந்தால் இன்ஜின் வேண்டாம் என்று சொல்லிவிடுவோமோ என்று அவருக்குப் பயம்.

முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து, "மொதல்ல டாக்டர். அப்புறம் இன்ஜின்" என்றாள்.

"அது நின்னுபோனா?"

"நின்னா நிக்கட்டும்."

செய்தி ஊருக்குள் பரவ அரைநாள்கூட ஆகவில்லை. தவமணி அண்ணாச்சி தலைமையில் ஒன்பது பேர் வந்தார்கள். இருநூற்றுப் பதினாலு கையெழுத்து வாங்கிய மனு ஒன்றை நீட்டினார்கள். ஹெரால்டில் இன்ஜின் பொருத்துவது பொதுமக்களின் நலனுக்கு விரோதமானது என்று அதில் எழுதியிருந்தது.

"ஊர்ல ஆயிரம் வண்டி இன்ஜின்ல ஓடுது சலேத்தம்மா" என்றார் அண்ணாச்சி. "இல்லாம ஓடுறது ஒண்ணே ஒண்ணுதான். அதையும் மத்தது மாதிரி ஆக்கணுமா? என் மகட்ட நான் என்ன சொல்லுவேன்?"

"எங்க வண்டி அண்ணாச்சி அது" என்றாள் சலேத்து.

"உங்க வண்டிதான். யாரு இல்லேன்னா? ஆனா நீங்க வாசிக்கிறது எங்களுக்காகவும்தானே?"

"நான் என்ன வாசிக்கேன்னு சொல்லுங்க பாப்போம்."

ஒருவர் "மாதா பாட்டு" என்றார். இன்னொருவர் "இங்கிலீஷ் பாட்டுல்லா" என்றார். அண்ணாச்சி மனுவை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, சொல்லிக்கொள்ளாமல் போனார். அடுத்த இரண்டு மாதம் அவர் கடையிலிருந்து வழக்கமாக வரும் மக்ரூன் பொட்டலம் வரவில்லை. மகள் கல்யாணத்துக்குத் திருநெல்வேலியிலிருந்து வெள்ளை நிறத்தில் ஒரு நீளக் கார் வந்தது. அந்த ஊர்வலம் தெருவைக் கடக்கும்போது மாப்பிள்ளையும் பெண்ணும் ஹெரால்டு நிற்கும் கொட்டகையை எட்டிப் பார்த்துக்கொண்டே போனதை சலேத்து ஜன்னல் வழியாகப் பார்த்தாள். போய் அண்ணாச்சி காலில் விழுந்துவிடலாமா என்றுகூட இருந்தது. போகவில்லை.

டாக்டர் மாத்திரை கொடுத்தார். நடுக்கம் கொஞ்சம் அடங்கியது, ஆனால் நுட்பமான வேலைக்கு அந்தக் கை இனி உதவாது என்று ஆனது. எனவே வால்வு இடைவெளியைப் பார்க்கும் வேலை சலேத்துக்கு வந்தது. இதழ் இதழாக மெல்லிய எஃகுத் தகடுகள் கொண்ட அளவுகருவி. அதில் சரியான தகட்டை இடைவெளியில் செருகி இழுத்துப் பார்த்துத் திருகை முறுக்க வேண்டும்.

"எப்படி இருக்கணும்?" என்றாள்.

"இழுத்தா வரணும். ஆனா சும்மா வரக்கூடாது. லேசா ஒரு பிடி இருக்கணும். அதைச் சொல்லித் தர முடியாது, விரலுக்குத் தெரியணும்."

அவள் காய்த்துப்போன விரல் நுனியால் தகட்டை இழுத்தாள். மறுபடி இழுத்தாள். தந்தியை அழுத்திப் பிடித்து மேலே தள்ளும்போது, சுரம் ஏறப் போகிற அந்தக் கணத்தில் விரலுக்கு வரும் தடை அவளுக்குத் தெரியும். அதேதான் இது. "இந்தா பாருங்க" என்றாள். கஸ்பார் குனிந்து தகட்டைத் தொட்டுப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். "எனக்கு இது வர ஆறு மாசம் ஆச்சு ஏளா" என்றார். எட்டு வால்வுகளையும் அவள் மூன்று காலைவேளைகளில் முடித்தாள். பட்டறைப் பழைய சிநேகிதர்கள் சங்கிலிக் கப்பி கொண்டுவந்து இன்ஜினைத் தூக்கி, நீல முகப்பை முன்னால் கவிழ்த்து, உள்ளே இறக்கினார்கள். அது தன் இடத்தில் உட்கார்ந்ததும் கஸ்பார் இடதுகையால் அதைத் தட்டிக்கொடுத்தார்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து ஊர் முழுக்க வந்து கூடியது. மனுவில் கையெழுத்துப் போட்ட எல்லாரும் வந்திருந்தார்கள். முதலில் கிட்டார் என்று சொல்லிவிட்டார்கள். சலேத்து பின் சீட்டில் உட்கார்ந்து முதல் கார்டை அடித்தாள். கார் அசையவில்லை. மறுபடி அடித்தாள். ஒலிபெருக்கியைக் கூட்டி, முதல் பாட்டையே வாசிக்கத் தொடங்கினாள். கூட்டம் சக்கரங்களையே பார்த்துக்கொண்டிருந்தது. சக்கரங்கள் தரையில் கிடந்தன, மற்ற கார்களின் சக்கரங்களைப்போல. "போச்சு" என்றார் யாரோ. தவமணி அண்ணாச்சி செருப்பைத் தேய்த்துக்கொண்டு முதலில் கிளம்பினார். அவர் பின்னால் ஒவ்வொருவராகக் கிளம்பினார்கள்.

சலேத்து தந்தியிலிருந்து கையை எடுத்துவிட நினைத்தாள். ஆனால் பாட்டு பாதியில் இருந்தது. ரயில்வே கேட் வரும் இடம். அவள் அதைத் தாண்டி வாசித்தாள். மீன் மார்க்கெட் வரும் இடத்தைத் தாண்டினாள். அதற்கு அப்பால் அந்தப் பாட்டு எந்தப் பக்கம் திரும்புகிறது என்பதையே அவள் மறந்துபோயிருந்தாள். விரல்கள் ஓரிடத்தில் தடுமாறின, திரும்பப் பிடித்துக்கொண்டன. அதில் ஒரு துக்கம் இருந்தது, துக்கத்துக்குப் பின்னால் வெயில் அடிக்கிற மாதிரி ஒரு வெளி இருந்தது. கடைசிக் கார்டை அடித்துவிட்டு அதன் ரீங்காரம் தானாக அடங்கும்வரை கையை உயர்த்தி வைத்திருந்தாள். நிமிர்ந்தபோது டெரன்ஸும், போக்குவரத்துக் காவலரும், கைக்குழந்தையோடு ஒரு பெண்ணும், வேறு ஐந்து பேரும் நின்றார்கள். காவலர் தொப்பியைக் கையில் வைத்திருந்தார்.

"இதுக்கு இப்படி ஒரு முடிவு இருக்கா?" என்றார். "இத்தனை நாள் எனக்குத் தெரியாதே."

அதன் பிறகுதான் கஸ்பார் சாவியைத் திருகினார். ஒருமுறை முனகி நின்றது. இரண்டாவது முறை இருமியது. மூன்றாவது முறை பிடித்துக்கொண்டது. நீலப்புகை ஒரு கொத்து பின்னால் பறந்தது. நின்றிருந்த எட்டு பேரும் கைதட்டினார்கள்.

அன்று சாயங்காலம் நாலரை மணிக்கு இருவரும் மட்டும் ஹெரால்டை எடுத்துக்கொண்டு ஊருக்குத் தெற்கே உப்பளப் பாதையில் போனார்கள். இரண்டு பக்கமும் உப்பு குவியல் குவியலாக வெளுத்துக் கிடந்தது. எதிரே ஆளும் இல்லை, வண்டியும் இல்லை. கொஞ்ச தூரம் போனதும் கஸ்பார் ஓரமாக நிறுத்தி இறங்கினார். கை வலிக்கிறதோ என்று அவள் கேட்டாள்.

"கை நல்லாத்தான் இருக்கு. ஓட்டிக்கிட்டே கேக்க முடியல" என்றார். "கண்ணு ரோட்டுக்குப் போவுது, காலு பிரேக்குக்குப் போவுது. காது தனியா கிடைக்க மாட்டேங்குது. நீ ஓட்டு."

"எனக்கு ஓட்டத் தெரியாதே!"

"இங்கன யாரு இருக்கா முட்டுறதுக்கு? இது கிளட்ச், இது கியர். மெதுவா விடு."

அவள் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு முன் சீட்டில் ஏறினாள், அவர் பின்னால் ஏறிக்கொண்டார். கார் இரண்டு முறை குதித்து நின்றது. மூன்றாவது முறை, உடம்பெல்லாம் நடுங்க, புழுதியைக் கிளப்பிக்கொண்டு உருண்டது. இரண்டாம் கியருக்கு மாற்றியபோது இன்ஜினின் குரல் தாழ்ந்து, சீராகி, ஒரே மூச்சாக இழுக்கத் தொடங்கியது. எங்கே திரும்ப வேண்டும் என்று கேட்கக் கண்ணாடியில் பார்த்தாள். கஸ்பார் பின் சீட்டில் தலையைச் சாய்த்து, இரண்டு கைகளையும் மடியில் விட்டு, கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார். அவள் வழி கேட்கவில்லை. பாதை இருக்கிற மட்டும் நேராகவே போனாள்.